பவளத் தொட்டியின் வெப்பக் கணக்கு: விசிறி போதுமா, சில்லர் வேண்டுமா?

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் ஏப்ரல் பிறந்ததும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி: "தண்ணி 30 டிகிரி தாண்டிடுச்சு, என்ன பண்றது?" ஒருவர் விசிறி போதும் என்பார். இன்னொருவர் சில்லர் இல்லாமல் முடியாது என்பார். மூன்றாமவர் ஏ.சி. போடச் சொல்வார். நான்காமவர் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீஸரில் வைத்து இறக்கச் சொல்வார்.

நான்கு பேருமே தங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறார்கள். ஒரு வீட்டில் வேலை செய்தது இன்னொரு வீட்டில் ஏன் வேலை செய்வதில்லை என்பதுதான் எனக்கு சுவாரஸ்யமான கேள்வி. நான் கடல் உயிரியல் படித்தவன் இல்லை, பிழைப்பு மென்பொருளில். ஆனால் இந்தக் கேள்விக்கு பிளஸ் டூ இயற்பியலே போதும். தொட்டியை ஒரு வங்கிக் கணக்கு மாதிரி பார்க்க வேண்டும். வெப்பம் எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு என்று இரண்டு பக்கமும் எழுதிவிட்டால், எதை வாங்குவது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

முதலில், எவ்வளவு சூடு ஆபத்து?

பவளம் ஒரு விலங்கு. ஆனால் அதன் திசுவுக்குள் ஸூஸாந்தெல்லே எனப்படும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளிச்சேர்க்கை செய்து தயாரிக்கும் உணவில் பெரும்பகுதி பவளத்துக்குப் போகிறது. தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகிறது. வெளிச்சம் வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் அந்த ஆற்றலை ஒழுங்காகச் செலவழிக்க முடியவில்லை. விளைவு, திசுவைச் சிதைக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் உற்பத்தியாகின்றன. பவளம் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய், உள்ளே இருக்கும் வெள்ளை எலும்புக்கூடு தெரிகிறது. இதைத்தான் வெளிறுதல் என்கிறோம். வெளிறிய பவளம் உடனே செத்துவிடுவதில்லை, பட்டினி கிடக்கிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம், சூடும் வெளிச்சமும் சேர்ந்துதான் இந்தச் சேதத்தைச் செய்கின்றன. இது பின்னால் உதவும்.

பவளத் தொட்டிகளை வழக்கமாக 25 முதல் 27 டிகிரி வரை வைத்திருப்பார்கள். "கடல்லேயே 30 டிகிரி இருக்கே?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் பவளத்துக்கு முக்கியம் அது எந்தச் சூட்டுக்குப் பழகியிருக்கிறது என்பது. அமெரிக்காவின் நோவா அமைப்பு உலகப் பவளப்பாறைகளைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. ஓர் இடத்தில் மிகச் சூடான மாதத்தின் வழக்கமான சராசரியை எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர் அதைவிட 1 டிகிரி அல்லது அதற்கு மேல் கூடுதலாக இருக்கும் வாரங்களையெல்லாம் கூட்டுவார்கள். 1 டிகிரி கூடுதலாக நான்கு வாரம் இருந்தாலும், 2 டிகிரி கூடுதலாக இரண்டு வாரம் இருந்தாலும் விடை 4 தான். 4 வந்தால் குறிப்பிடத்தக்க வெளிறுதலை எதிர்பார்க்கலாம். 8 வந்தால் பரவலான வெளிறுதலும் சாவும்.

இதிலிருந்து வீட்டுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒரு பிற்பகலில் 29 தொட்டதற்காகப் பதற வேண்டாம். ஆனால் வருடம் முழுக்க 26-ல் வாழ்ந்த பவளத்துக்கு, மே மாதம் முழுவதும் 30 என்பது கடலில் வரும் வெப்ப அலையைவிட மோசம்.

மீன்களுக்கு வேறு பிரச்சினை, மூச்சு. 25 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்ஸிஜனைப் பிடித்துவைக்கும். 30 டிகிரியில் சுமார் 6.2 தான். அதே நேரம் சூடு ஏற ஏற மீனுக்கும் பாக்டீரியாவுக்கும் ஆக்ஸிஜன் தேவை கூடுகிறது. வரவு குறைகிறது, செலவு கூடுகிறது. இரவில் பாசிகளும் ஆக்ஸிஜனைத் தருவதை நிறுத்தி, எடுத்துக்கொள்ள ஆரம்பிக்கும். அதனால் சூடான தொட்டியில் மீன் சாவது பெரும்பாலும் விடியலுக்கு முன்னால்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தியாவில் கல் பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலியும் அதே அட்டவணைதான். ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றி இருக்கும் மன்னார் வளைகுடாப் பவளங்கள் 2010-லும் 2016-லும் பெரிய அளவில் வெளிறின. அங்கே மிஞ்சியிருப்பதிலிருந்து ஒரு துண்டை எடுப்பதும் குற்றம், அதை விலைக்கு வாங்குவதும் குற்றம். ஆகவே தொட்டியில் முறையாக வந்து சேர்ந்த உயிர் எதுவாக இருந்தாலும், "செத்தா வேற வாங்கிக்கலாம்" என்ற எண்ணத்தோடு இந்தப் பொழுதுபோக்குக்குள் வரக் கூடாது.

வரவு: வெப்பம் எங்கிருந்து வருகிறது?

ஓர் உதாரணத் தொட்டியை வைத்துக்கொள்வோம். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கல்லும் மணலும் போக 200 லிட்டர் தண்ணீர். அறை வெப்பநிலை 33 டிகிரி. தண்ணீரை 27-ல் வைக்க ஆசை.

தண்ணீருக்குள் இருக்கும் பம்ப்கள்: ரிட்டர்ன் பம்ப் 40 வாட், இரண்டு வேவ்மேக்கர் சேர்ந்து 20, ஸ்கிம்மர் பம்ப் 20. மொத்தம் 80 வாட். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் பம்ப் சாப்பிடும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத் தண்ணீருக்குள்தான் போகும். தண்ணீரைத் தள்ளும் வேலைக்குப் போனதும்கூட உராய்வில் வெப்பமாகிவிடும். ஆற்றல் அழியாது என்று படித்தோமே, அதுதான். ஆக 80 வாட் பம்ப் என்பது இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் 80 வாட் ஹீட்டர்.

விளக்கு: 100 வாட் எல்.இ.டி. பாதி வெப்பம் மேலே காற்றில் போகிறது, பாதி வெளிச்சமாக இறங்கித் தண்ணீரிலும் கல்லிலும் வெப்பமாகிறது என்று தோராயமாக வைத்தால் 50 வாட்.

கண்ணாடி: அறை தண்ணீரைவிட 6 டிகிரி சூடு. இந்த அளவுத் தொட்டியின் நான்கு பக்கக் கண்ணாடி வழியாக ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சுமார் 10 வாட் உள்ளே வரும். ஆக 60 வாட்.

கூட்டினால் பகலில் 190 வாட். இதில் 130 வாட்டை நாமே பிளக் சொருகி உள்ளே விடுகிறோம். வெயில் கொண்டுவருவது 60 தான்.

200 லிட்டர் கடல்நீரை 1 டிகிரி சூடாக்க சுமார் 820 கிலோஜூல் வேண்டும். 190 வாட் எங்கேயும் வெளியேறாமல் உள்ளேயே தங்கினால் ஒரு மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு 1 டிகிரி ஏறும். நிஜத்தில் அப்படி ஏறுவதில்லை. காரணம், செலவுப் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் இருக்கிறார்.

செலவு: மண்பானை செய்யும் வேலை

அந்த ஆள் ஆவியாதல். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக சுமார் 2,430 கிலோஜூல் எடுத்துக்கொண்டு போகும். ஒரு நாளுக்கு ஒரு லிட்டர் என்று பரப்பிப் பார்த்தால் 28 வாட். இந்தக் கட்டுரையில் ஒரே ஓர் எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: தினம் ஆவியாகும் ஒவ்வொரு லிட்டரும் 28 வாட் வெப்பத்தை வெளியே கொண்டுபோகிறது.

மேலே மூடி இல்லாமல் சும்மா இருக்கும் நம் உதாரணத் தொட்டியில் நாளுக்கு 2 லிட்டர் குறைகிறது என்று வைத்துக்கொண்டால், அது 56 வாட். வரவு 190. மீதி 134 வாட் உள்ளேயே தங்கி, தண்ணீரை ஏற்றிக்கொண்டே போகும். கணக்கை 27-லேயே சமன் செய்ய வேண்டுமென்றால் 190-ஐ 28-ஆல் வகுக்க வேண்டும். கிட்டத்தட்ட 7 லிட்டர். ஆக கேள்வி "விசிறி நல்லதா?" என்பதில்லை. "உங்கள் அறையில் விசிறியால் நாளுக்கு 7 லிட்டரை ஆவியாக்க முடியுமா?" என்பதுதான்.

இதற்குப் பதில் உங்கள் ஊர்க் காற்றிடம் இருக்கிறது. மண்பானைத் தண்ணீர் மதுரையிலும் வேலூரிலும் ஜில்லென்று இருக்கும். சென்னையில் புழுக்கமான நாளில் அதே பானை ஏனோதானோ என்று இருக்கும். பானையின் மேல் குற்றமில்லை. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், புதிதாக ஆவி போய்ச் சேர இடம் இல்லை.

இதை ஒரே எண்ணில் சொல்வதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றி, காற்று வீசினால் எவ்வளவு இறங்குமோ அது. ஆவியாதலால் மட்டும் குளிரும் எந்தப் பொருளும் அந்த எண்ணுக்குக் கீழே போக முடியாது. நூறு விசிறி வைத்தாலும் முடியாது.

இரண்டு அறைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் அறை, உள்நாட்டு ஊர். வெப்பநிலை 36 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். ஈரக்குமிழ் சுமார் 23.

இரண்டாவது அறை, கடற்கரை ஊர். வெப்பநிலை 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். ஈரக்குமிழ் சுமார் 28.

சூடு குறைந்த இரண்டாவது அறையில்தான் தொட்டியைக் குளிர்விப்பது கஷ்டம்! முதல் அறைக்காரர் "விசிறி போதும்பா" என்று சொன்னது உண்மை. இரண்டாவது அறைக்காரர் "விசிறி சுத்த வேஸ்ட்" என்று சொன்னதும் உண்மை. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் எல்லாம் இரண்டாவது வகை.

நடைமுறையில் தொட்டி ஈரக்குமிழ் அளவு வரைகூட இறங்காது, ஏனென்றால் பம்ப்பும் விளக்கும் வெப்பத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. நல்ல விசிறி அமைப்பு இருந்தால் ஈரக்குமிழுக்கு மேலே 2 முதல் 4 டிகிரியில் போய் நிற்கும் என்பது என் தோராயக் கணக்கு. தண்ணீர்ப் பரப்பும் ஸம்ப்பும் பெரிதாக இருந்தால் 2 பக்கம், சின்னதாக இருந்தால் 4 பக்கம். முதல் அறையில் 25 முதல் 27 கிடைக்கும், தாராளம். இரண்டாவது அறையில் 30 முதல் 32. அங்கே விசிறி மட்டும் வைத்துக்கொண்டு பவளம் வளர்ப்பது சூதாட்டம்.

உங்கள் வீட்டு எண்ணைக் கண்டுபிடிக்க பெரிய கருவி வேண்டாம். ஒரு சாதாரண வெப்பமானியின் முனையில் நனைத்த பருத்தித் துணியைச் சுற்றி, டேபிள் ஃபேன் முன்னால் பத்து நிமிடம் பிடியுங்கள். எங்கே போய் நிற்கிறதோ அதுதான். தொட்டி இருக்கும் அதே அறையில், வழக்கம்போல ஜன்னல் கதவுகளை வைத்துக்கொண்டு, பிற்பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பாருங்கள்.

செய்ய வேண்டியவை, விலை குறைந்ததிலிருந்து

*வரவைக் குறையுங்கள்.* இதற்குச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். தேவைக்கு மேல் பெரிய ரிட்டர்ன் பம்ப் இருந்தால் மாற்றுங்கள். அதே ஓட்டத்தைத் தரும் டி.சி. பம்ப் பெரும்பாலும் பாதி வாட்டில் ஓடும். 20 வாட் மிச்சம் என்றால் தினமும் முக்கால் லிட்டர் ஆவியாதலுக்குச் சமம். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு வலை மூடி போடுங்கள். மீன் குதிக்காது, ஆவி போகும். ஸம்ப் இருக்கும் அலமாரியின் கதவைத் திறந்து வையுங்கள்.

விளக்கு நேரத்தை நகர்த்துங்கள். பவளத்துக்கு எட்டு ஒன்பது மணி நேர வெளிச்சம் வேண்டும், அது காலை பத்து மணிக்குத்தான் தொடங்க வேண்டும் என்று சட்டமில்லை. கோடையில் மாலை நாலு முதல் நள்ளிரவு வரை ஓட்டினால் அறையின் உச்ச சூடும் விளக்கின் சூடும் ஒரே நேரத்தில் மோதாது. ஒரே நாளில் மாற்றாமல், தினம் அரை மணி நேரமாக நகர்த்துவது நல்லது.

*விசிறி.* கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் விசிறி இரண்டு மூன்று போதும், ஒன்று 3 வாட்தான் இழுக்கும். தண்ணீர்ப் பரப்பைத் தழுவியபடி சாய்வாக வீச வேண்டும். பரப்பில் சிற்றலை தெரிய வேண்டும். உப்புத் துளி பட்டுத் துருப்பிடிக்கும், வருடம் ஒருமுறை மாற்றும் பொருள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

விசிறிக்கு இரண்டு கூடுதல் செலவுகள் உண்டு. முதலாவது உப்புத்தன்மை. ஆவியாவது நல்ல தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே தங்கும். 200 லிட்டரில் 7 லிட்டர் போனால் உப்பு ஒரே நாளில் 35-லிருந்து 36.3-க்கு ஏறும். அதை ஆர்.ஓ. தண்ணீரால் தினமும், முடிந்தால் தானியங்கி டாப்-அப் கருவியால் நிரப்ப வேண்டும். அந்தக் கருவி ஒருநாள் ஓயாமல் ஓடிவிட்டால் என்ன ஆகும் என்றும் கணக்குப் போடுங்கள். 20 லிட்டர் கேன் முழுவதும் உள்ளே போனால் உப்பு 31.8-க்கு இறங்கும். 100 லிட்டர் டிரம் வைத்திருந்தால் எல்லாம் முடிந்தது. ஆகவே இரண்டு மூன்று நாள் தேவைக்கு மேல் டாப்-அப் தண்ணீர் இணைத்து வைக்கக் கூடாது.

இரண்டாவது, அந்த 7 லிட்டரும் உங்கள் அறைக்குள்தான் போகிறது. மூடிய அறையில் ஈரப்பதம் ஏறும், ஈரக்குமிழ் ஏறும், விசிறி தன் காலையே வாரிக்கொள்ளும். ஜன்னலோ எக்ஸாஸ்ட் விசிறியோ இல்லாத அறையில் ராத்திரி விசிறி ஓடியும் தண்ணீர் இறங்கவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

*ஏ.சி.* தொட்டிக்காக மட்டும் ஏ.சி. போடுவது சுண்டெலிக்கு வலைவீசக் கப்பலை அழைப்பது மாதிரி. 1 டன் ஏ.சி. 3,500 வாட் வெப்பத்தை வெளியேற்றும் சக்தி கொண்டது. நமக்குத் தேவை 190. சராசரியாக 500 வாட் இழுக்கிறது என்று வைத்தாலும் நாளுக்கு 12 யூனிட், இரண்டு மாத பில்லில் 720 யூனிட். 500 தாண்டினால் ஸ்லாப்பே மாறிவிடும். ஆனால் எப்படியும் இரவில் ஏ.சி. ஓடும் படுக்கையறையில் தொட்டி இருந்தால் அது இலவச லாபம். ஏ.சி. ஈரத்தையும் உறிஞ்சுவதால் விசிறியும் உயிர்பெறும்.

*சில்லர்.* ஈரக்குமிழ் 25-க்கு மேலே நிற்கும் வீடுகளுக்கு இதுதான் நேர்வழி. தினமும் சராசரியாக 120 வாட் வெப்பத்தை எடுக்க வேண்டும், சில்லர் ஒரு வாட் மின்சாரத்துக்கு இரண்டு வாட் வெப்பத்தை எடுக்கிறது என்று வைத்தால் 60 வாட். நாளுக்கு ஒன்றரை யூனிட், இரண்டு மாதத்துக்கு 90 யூனிட் சொச்சம். ஏ.சி.யோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்கு.

வாங்கும்போது டப்பாவில் போட்டிருக்கும் குதிரைத்திறனைப் பார்க்காதீர்கள், குளிர்விக்கும் திறன் எத்தனை வாட் என்று பாருங்கள். உங்கள் மொத்த வரவின் இரண்டு மடங்கு இருக்கட்டும். நம் உதாரணத்துக்கு 400 வாட். மிகச் சரியான அளவில் வாங்கினால் மே மாதப் பிற்பகலில் ஓய்வே இல்லாமல் ஓடும்.

சில்லர் வெப்பத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. தண்ணீரிலிருந்து எடுத்த 120-ம் அது சாப்பிட்ட 60-ம் சேர்ந்து 180 வாட் அறைக்குள் வரும். அதைத் தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் அடைத்துவைத்தால், தான் விட்ட சூட்டைத் தானே திரும்ப இழுத்துக்கொண்டு மூச்சுத் திணறும். பால்கனி பக்கமோ ஜன்னல் பக்கமோ குழாய் நீட்டி வைப்பது உத்தமம்.

சாதாரண நாள் கொல்வதில்லை, பழுது கொல்கிறது

மேலே சொன்ன எல்லாமே கருவிகள் ஒழுங்காக ஓடும் நாளுக்கான கணக்கு. என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிஸ்டத்தைப் பார்த்ததும் "இது எப்படிப் பழுதாகும், பழுதானால் எந்தப் பக்கம் சாயும்?" என்று கேட்போம். தொட்டிக்கும் அதே கேள்விதான்.

*ஹீட்டர் ஒட்டிக்கொள்வது.* ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டில் இருக்கும் உலோகத் தொடுமுனை நாளடைவில் உருகி ஒட்டிக்கொள்ளும். அதன்பிறகு அது அணையாது. 300 வாட் ஹீட்டர் நம் 200 லிட்டரை 45 நிமிடத்துக்கு 1 டிகிரி ஏற்றும். நீங்கள் அலுவலகம் போய் வருவதற்குள் கதை முடிந்துவிடும். கடற்கரைத் தமிழ்நாட்டில் ஏ.சி. இல்லாத அறைத் தொட்டிக்குப் பெரும்பாலும் ஹீட்டரே வேண்டாம். பம்ப்களே அந்த வேலையைச் செய்துவிடும். கோடையில் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுங்கள். ஏ.சி. அறையில் தேவைப்பட்டால், ஒட்டிக்கொண்டாலும் தொட்டியைக் கொதிக்கவைக்க முடியாத அளவுக்குச் சின்னதாக, 50 அல்லது 75 வாட் வாங்குங்கள். அதை வெளியே இருக்கும் தனி கண்ட்ரோலர் வழியாக இணையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் பழுதானால்தான் ஆபத்து.

*சென்ஸார் வெளியே வருவது.* கண்ட்ரோலரின் சென்ஸார் தண்ணீரைவிட்டு நழுவி ஏ.சி. காற்றில் தொங்கினால், அது 23 டிகிரி என்று சொல்லும். கண்ட்ரோலர் நல்ல பிள்ளையாக ஹீட்டரை ஓட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீர் மட்டம் மாறும் அறையில் சென்ஸாரை வைக்காதீர்கள். ஸம்ப்பில் எப்போதும் மட்டம் மாறாத பகுதியில், அடியில், உறிஞ்சுகப் பிடிப்போடும் கேபிள் டையோடும் கட்டுங்கள்.

*மின்வெட்டு.* இதில் பலர் சூட்டை நினைத்துப் பயப்படுகிறார்கள். ஆனால் மின்சாரம் போனால் பம்ப், விளக்கு என்ற 130 வாட் வரவும் நின்றுவிடுகிறது. உடனடி எதிரி மூச்சுத் திணறல். அலை நின்றதும் பரப்பு வழியாக ஆக்ஸிஜன் உள்ளே வருவது சரிகிறது. ஆகவே இன்வெர்ட்டரில் முதலில் இணைக்க வேண்டியது பரப்பை நோக்கித் திருப்பிய 10 வாட் வேவ்மேக்கர், அடுத்தது விசிறி. சில்லரை அல்ல. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் நம்பி எடுக்கக் கூடியது சுமார் 1,000 வாட்-மணி. வேவ்மேக்கர், விசிறி இரண்டுக்கும் அது இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு போக ஒரு நாள் தாங்கும். சில்லரை மாட்டினால் சில மணி நேரம்தான்.

*எச்சரிக்கை மணி.* இ.எஸ்.பி.32 போர்டு ஒன்றும் டி.எஸ்.18பி20 சென்ஸார் ஒன்றும் சில நூறு ரூபாயில் கிடைக்கும். அந்த சென்ஸாரின் துல்லியம் கூட்டிக்கழித்து அரை டிகிரி. நுணுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் வைத்து பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, வித்தியாசத்தைக் கோடில் கழித்துக்கொள்ளுங்கள். எச்சரிக்கையை "28.5 தாண்டினால்" என்று மட்டும் வைக்காதீர்கள். "ஒரு மணி நேரத்தில் 0.5 டிகிரிக்கு மேல் ஏறினால்" என்றும் ஒன்று வையுங்கள். ஒட்டிக்கொண்ட ஹீட்டரை இதுதான் முதலில் பிடிக்கும். மூன்றாவது ரொம்ப முக்கியம். மின்சாரம் போனால் வைஃபையும் போய்விடும், போர்டால் எதையும் அனுப்ப முடியாது. அதனால் எச்சரிக்கையை வெளியே இருக்கும் ஒரு சர்வர் அனுப்ப வேண்டும்: பத்து நிமிடமாக வீட்டிலிருந்து சத்தமே இல்லை என்றால் ஃபோன் அடிக்கட்டும்.

உப்புத் தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருக்கும் இடம் என்பதால், இந்த இணைப்புகள் எல்லாம் ஆர்.சி.சி.பி. வழியாகத்தான் வர வேண்டும். இதில் சமரசமே கிடையாது.

இப்போதே 31 டிகிரி, என்ன செய்வது?

வரிசை இதுதான்.

1. விளக்கை அணையுங்கள். வரவு குறையும். அதைவிட முக்கியமாக, சூடும் வெளிச்சமும் சேர்ந்து செய்யும் சேதம் நிற்கும். ஒன்றிரண்டு நாள் இருட்டில் இருந்தால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது.

2. வேவ்மேக்கரைப் பரப்பை நோக்கித் திருப்புங்கள். மூடியைத் திறந்து டேபிள் ஃபேனை வையுங்கள், அது தண்ணீரில் விழ முடியாத தூரத்தில். ஜன்னலைத் திறங்கள்.

3. மீனுக்கு உணவு போடாதீர்கள். செரிமானத்துக்கும், மிஞ்சிய உணவு அழுகுவதற்கும் ஆக்ஸிஜன் வேண்டும்.

4. ஐஸ் பாட்டில். ஒரு கிலோ ஐஸ் உருகி 27 டிகிரிக்கு வர சுமார் 447 கிலோஜூல் எடுக்கும். 200 லிட்டரை அது அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இறக்கும். ஆனால் தினசரி மீதமான அந்த 134 வாட் இதை 55 நிமிடத்தில் தின்றுவிடும். அதாவது ஐஸை வைத்து ஒரு கோடையை ஓட்ட முடியாது, ஒரு மாலையைத்தான் ஓட்ட முடியும். மூடிய பாட்டிலை ஸம்ப்பில் வையுங்கள். ஐஸை நேராகக் கொட்டினால் உப்பும் இறங்கும், குழாய்த் தண்ணீரின் குளோரினும் சேரும். மணிக்கு அரை டிகிரிக்கு மேல் வேகமாக இறக்க வேண்டாம்.

5. தண்ணீர் இறங்கியபின், ஏன் ஏறியது என்று கண்டுபிடிக்காமல் விளக்கை மறுபடி முழு வேகத்தில் போடாதீர்கள்.

கோடைக்கு முன் ஒரு வாரம்

அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் வருகிறது. அதற்காக மார்ச்சிலேயே ஒரு வாரம் ஒதுக்கலாம். தொட்டியோடு இணைந்த எல்லாக் கருவிகளின் வாட்டையும் எழுதிக் கூட்டுங்கள். டாப்-அப் கேனில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, தினம் எத்தனை லிட்டர் குறைகிறது என்று குறியுங்கள், அதை 28-ஆல் பெருக்குங்கள். பிற்பகல், இரவு இரண்டு வேளையும் ஈரக்குமிழைப் பாருங்கள்.

மார்ச்சில் இரவிலேயே ஈரக்குமிழ் 24 இருக்கிறதென்றால் மே மாதம் விசிறி கைகொடுக்காது, சில்லருக்கு இப்போதே பணம் சேர்க்கத் தொடங்கலாம். 20-ல் நிற்கிறதென்றால் மூன்று விசிறியும் ஒரு டாப்-அப் கருவியும் வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். சில்லரும் வாங்க முடியாது, அறையும் புழுக்கம் என்றால், அந்த வீட்டில் பவளத்தைக் கொண்டுவராமல் இருப்பதுதான் நல்ல முடிவு. 30 டிகிரி வரை தாங்கக் கூடிய நன்னீர் மீன்கள் எத்தனையோ இருக்கின்றன.